தாமுவே தெருவில் எனக்கு ஒரு கம்பளி

யாங்கோனில் நான் இருந்தது பன்னிரண்டு நாள். அதில் ஐந்தாம் நாள், தாமுவே என்கிற பேட்டையில் ஒரு தெருக்காரர்கள் கம்பளி கொடுக்க வேண்டிய கிழவர் கிழவிகள் பட்டியலில் என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. லண்டனில் இருபத்தெட்டு வருஷமாக உழைத்துச் சாப்பிடுகிறவள் நான். எவர் வாசலிலும் போய் நின்றதில்லை. அந்தக் கம்பளிக் கதையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். எனக்கு அவசரம் இல்லை, நீங்களும் அவசரப்படாதீர்கள்.

யாங்கோன் என் வீட்டுக்காரர் பிறந்த ஊர். கடைசி வரை அவர் அதை ரங்கூன் என்றுதான் சொன்னார். பதினாறு வயதில் கப்பலேறி மதராசுக்கு வந்து, சமையல் கற்று, என்னைக் கட்டி, பிறகு லண்டனில் ஒரு கோயில் மடப்பள்ளிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை குட்டி இல்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவருடைய தங்கை மீனாட்சி மட்டும் சித்தப்பா வீட்டோடு ரங்கூனிலேயே தங்கிவிட்டாள். அவளை நான் நேரில் பார்த்தது ஒரே முறை, என் கல்யாணத்துக்கு வந்தபோது. மற்றதெல்லாம் போனில்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவோம்.

மீனாட்சி விதவை. அறுபத்தெட்டு வயது. தாமுவேயில் தன் தெரு முனையில் வேகவைத்த பட்டாணி விற்கிறாள். அவள் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். மருமகள் தன்டா பர்மியப் பெண், தையல் கம்பெனிக்குப் போகிறாள். மாமியாரோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள். மழைக்காலத்தில் அந்தத் தன்டாதான் எனக்குப் போன் செய்தாள்.

"லண்டன் அத்தை, இங்க அத்தை கைய ஒடிச்சுகிச்சு. கரண்டு இல்ல, இருட்டு. அண்டாவோட விழுந்துச்சு. நான் சொன்னா கேக்கல. நீங்க வந்து சொல்லுங்க, நோ."

தன்டா எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு 'நோ' சேர்ப்பாள். பர்மியில் அது 'என்ன, சரிதானே' என்பது மாதிரி.

சுடு தண்ணீர் கையில்தான் கொட்டியது, முகத்தில் கொட்டவில்லை என்று கேட்டதும் நான் முடிவு செய்துவிட்டேன். அந்த அண்டாவை இறக்கி வைக்காமல் திரும்புவதில்லை. நான் பெருக்கித் துடைக்கிற பள்ளிக்கூடத்தின் இடைவிடுமுறையோடு, சம்பளமில்லாமல் இன்னும் சில நாள் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் நாள் மழை. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான், பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள். அதனால் ஓட்டுகிறவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமானால் பக்கத்தில் இருக்கிற ஆள்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். "எதிர்ல வண்டி வருதா அத்தை, பாருங்க" என்று பின்சீட்டிலிருந்து தன்டா கேட்டுக்கொண்டே வந்தாள். வந்தது. வருது வருது என்று நான் போட்ட கூச்சலில் டிரைவர் காரை ஓரம் கட்டி நிறுத்தினார். நிறுத்தின இடத்தில் முழங்கால் தண்ணீர். கார் மறுபடி கிளம்பவில்லை.

வேறு வண்டி வரும் வரை டிரைவர் பேசிக்கொண்டிருந்தார். தன்டா எனக்குத் தமிழில் மாற்றிச் சொன்னாள்.

"டிரைவர் கேக்குது. உங்க ஊர்ல பிரதம மந்திரிய டயர் மாத்துற மாதிரி மாத்துறாங்களாமே?"

"பஞ்சராகி வந்தா மாத்தித்தானே ஆகணும்னு சொல்லு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தணித்து வேறொன்று கேட்டார்.

"வயசானவங்களுக்குக் குளுருக்குக் கொடுக்கிற காச நிறுத்திட்டாங்களாமே, ரேடியோல சொன்னாங்களாம். ஆன்ட்டி எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு கேக்குது."

தண்ணீர் புகுந்து நிற்கிற காரில் உட்கார்ந்துகொண்டு, அந்த மனிதர் எனக்காக உச்சுக் கொட்டினார். எனக்குச் சுருக்கென்றது. நான் ஒன்றும் பரிதாபப்பட வேண்டிய ஆள் இல்லை என்று சொல்லத் தன்டாவுக்குத் தமிழ் போதவில்லையோ, அல்லது அவள் சொல்லவே இல்லையோ, இறங்கும்போது அவர் என்னிடம் பாதி வாடகைதான் வாங்கினார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மீனாட்சியின் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு தாழ்வான பிளாஸ்டிக் முக்காலி, துணி போட்டு மூடிய அலுமினிய அண்டா, ஒரு கெட்டிப்பால் டின். அந்த ஊரில் கெட்டிப்பால் டின்தான் படி. ஒரு டின் பட்டாணியை எண்ணெயும் வதக்கின வெங்காயமும் விட்டுப் புரட்டிச் சோற்றுக்கோ ரொட்டிக்கோ போட்டுக்கொள்கிறார்கள். எனக்குப் பரோட்டாவோடு கொடுத்தாள். பூப்போல வெந்திருந்தது. அந்தப் பக்குவத்தை லண்டனில் எந்த டப்பாப் பட்டாணியிலும் பார்க்க முடியாது.

தெருவில் அவளை 'டோ மீ மீ' என்கிறார்கள். டோ என்பது பெரிய மனுஷிக்குப் போடுகிற மரியாதை. வலது மணிக்கட்டில் கட்டு. இடது கையால் அளந்து, இடது கையால் கொடுப்பதற்காக ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அவர்கள் பரவாயில்லை என்றார்கள். மறுபடி கேட்டாள்.

"பக்கத்துத் தெருக்காரி டின்னுக்கு அடிய உள்ளாரத் தட்டி வெச்சிருக்கா அண்ணி. வெல அதே வெல, பட்டாணி கொறச்சல். நான் தட்டல. எனக்குக் கூசுது."

லண்டனில் பிஸ்கட் கம்பெனிக்காரன் செய்வதும் இதைத்தான். பாக்கெட் அதே அளவு இருக்கும், உள்ளே இரண்டு குறைந்திருக்கும். அவனுக்குக் கூசுவதாகத் தெரியவில்லை.

கூட்டம் குறைந்ததும் பேச்சை எடுத்தேன்.

"மீனாட்சி, நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுமில்ல?"

"தெரியும். தன்டாவுக்கு வாய் நிக்காது."

"இந்த அண்டாவ எறக்கிடு. நான்தான் மாசாமாசம் அனுப்பறேனே, அதுல உக்காந்து சாப்பிடு."

அவள் அண்டாவைத் துணியால் மூடினாள். "அண்ணி, வீட்ல ஹீட்டர் போடுறீங்களா?"

"அது எதுக்கு இப்ப?"

"போடுறீங்களா, இல்லியா?"

"ரொம்பக் குளிர்னா போடுவேன்."

"பொய். பகல் பூரா லைப்ரேரில போய் உக்காந்துக்கறேன்னு போன்ல யார் சொன்னது? அடுத்தவன் ஹீட்டர்ல குளிர் காயறவங்க காசுல நான் உக்காந்து சாப்பிடணுமா? நீங்க அனுப்பின பணம் பூரா அப்படியே பொட்டில இருக்கு. போறப்ப எடுத்துட்டுப் போங்க. நீங்க ஹீட்டரப் போடுங்க, அப்புறமா என் அண்டாவப் பத்திப் பேசலாம்."

ஞாயிற்றுக்கிழமை தோறும் புலம்பியது நான்தானே. என் வீட்டில் சாவி போட்டுக் காசு ஏற்றுகிற மீட்டர். மூலைக்கடையில் சாவியைக் கொடுத்துப் பத்து பவுண்டு ஏற்றிக்கொண்டு வந்தால், ஹீட்டரைத் திருப்பினதும் எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்தான் லைப்ரரிக்குப் போனேன். ஏதோ மனசு ஆற நாத்தனாரிடம் சொல்வோமே, அப்படிச் சொன்னது. அவள் அதை ஒன்று விடாமல் முடிந்து வைத்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் போட்டாதாங்குக்கு அவளோடு பஸ்ஸில் போனேன். ஆற்றோரம் கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கடையில்தான் அவள் பட்டாணி எடுக்கிறாள். கடைக்காரர் போன வாரத்து விலையைச் சொல்லவில்லை. நேற்றைய விலையைக்கூடச் சொல்லவில்லை. போனைப் பார்த்து அன்றைய டாலர் விலையைக் கேட்டுவிட்டுத்தான் பட்டாணி விலை சொன்னார். "நம்ம வயல்ல வெளஞ்சதுக்கு டாலர் எதுக்கு?" என்று மீனாட்சி கேட்டாள். "வெளஞ்சதெல்லாம் கப்பலேறுது டோ மீ மீ, மிச்சந்தான் நமக்கு" என்றார் அவர். இதெல்லாம் அவள் எனக்குத் தமிழில் சொன்னது. கிழக்கு லண்டனில் நான் வாங்குகிற உளுந்துப் பையில் பர்மா என்று போட்டிருக்கும் என்று கடைக்காரப் பையன் ஒரு தடவை படித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மூட்டையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒடிந்த கையை மூட்டைக்கு மேலே வைத்திருந்தாள். பஸ் குலுங்கின ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடித் திறந்தாள். "மூட்டைய எங்கிட்டக் குடு" என்றேன். "நீங்க விருந்தாளி" என்றாள். என் வீட்டுக்காரரும் இப்படித்தான். அந்தக் குடும்பத்துக்கே சரி என்று தலையை ஆட்டத் தெரியாது.

நாலாம் நாள் டீக்கடை. மீனாட்சி கடைக்கு எதிரில் கோ மியோ என்பவருடைய கடை. நாற்பது வயதிருக்கும், எப்போதும் தோளில் துண்டு. அங்கே டீ வேண்டுமானால் முத்தம் கொடுப்பது போல உதட்டைச் சப்பிக் கூப்பிடுகிறார்கள். லண்டனில் இப்படிக் கூப்பிட்டால் டீ வராது, போலீஸ் வரும். ஆனால் டீ அருமை. குடித்து முடித்தாலும் மேஜையில் ஒரு கூஜா பச்சைத் தேயிலைத் தண்ணீர் சும்மாவே இருக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். லண்டன் காப்பிக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

அங்கேதான் அந்தோணி சாரைப் பார்த்தேன். தமிழ்க் கிறிஸ்தவர், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தைந்து வயது. தெருவில் எந்தப் பட்டியல் எழுதினாலும் அவர்தான் எழுதுவார். பிரிட்டிஷ் அரசியல் அவருக்கு என்னைவிட அதிகம் தெரியும். அந்த மேஜையில் இருந்த எல்லோருக்குமே தெரிந்திருந்தது. அவர்கள் ஊர் விஷயம் வந்தால் குரல் இறங்கிவிடுகிறது, ஒருவர் தெருவைத் திரும்பிப் பார்க்கிறார். லண்டன் விஷயம் என்றால் மேஜையைத் தட்டிப் பேசுகிறார்கள்.

"நான் ஊறுகா போட்டு மூடியத் தெறக்கிறதுக்குள்ள ஒரு பிரதமர் வந்துட்டுப் போயிட்டாரே அம்மா" என்றார் அந்தோணி சார்.

"அந்தம்மா போனதால நாடு ஒண்ணும் நின்னு போகல. நான் மறுநாளும் கக்கூஸ் கழுவத்தான் போனேன்."

"உங்களுக்கு என்ன கூலி?" கோ மியோ கேட்டதை அவர் மொழிபெயர்த்தார்.

"மணிக்குப் பன்னெண்டு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல."

அந்தோணி சார் மேஜையில் விரலால் கணக்குப் போட்டார். ஒரு மணி நேரத்துக்கு நான் வாங்குவது, தன்டா ஒரு வாரத்துக்கு மேல் தைத்தால்தான் வரும். மேஜையே வாயைப் பிளந்தது. பிறகு அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். வாடகை? சொன்னேன். பஸ்? சொன்னேன். ஒரு கட்டுக் கொத்தமல்லி? அதையும் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை? இரண்டரை மணி, பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் மட்டும், என்றேன். பிளந்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

"அப்ப மிச்சம்?" என்றார் கோ மியோ.

நான் டீயைக் குடித்தேன்.

"கெழவங்களோட குளிர்க் காச நிறுத்தினவங்க என்ன கவர்ன்மென்ட்?" என்று அந்தோணி சார் மேஜையைத் தட்டினார். "அதுவும் நீங்க ஓட்டுப் போட்ட ஆளுங்க!"

வீட்டில் அதே ஆட்களை நான் திட்டாத நாளில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் என் கம்பளத்தில் ஷூவோடு ஏறி நிற்பார்கள். ஜெயித்த பிறகு என் வாசலே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்நிய ஊரில், நாலு ஆம்பிளைகளுக்கு நடுவே, எனக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"நிறுத்தினாங்க. உண்மைதான். நாங்க கத்தினோம். கோயில் பொம்பளைங்க ஆறு பேரு ஊர்வலம் போனோம். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, அட்டையத் தலகீழாப் புடிச்சிருந்தேன், யாரோ திருப்பிக் குடுத்தாங்க. ஊரு பூரா கத்திச்சு. மறு வருஷம் முக்கால்வாசிப் பேருக்குத் திருப்பிக் குடுத்துட்டாங்க. எனக்கும் வரும்."

அந்தோணி சார் பர்மியில் சொன்னார். நான் எதிர்பார்த்தது சிரிப்பு, அட்டைக்காக. யாரும் சிரிக்கவில்லை. கோ மியோ மெதுவாக ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றார்?"

"கத்தினா குடுத்தாங்களான்னு கேக்கிறார்."

"ஆமா."

யாரோ என் கோப்பையில் பச்சைத் தேயிலைத் தண்ணீரை ஊற்றினார்கள். அதற்குப் பிறகு சற்று நேரம் கால்பந்தைப் பற்றிப் பேசினார்கள்.

ஐந்தாம் நாள் வந்தது. தன்டா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "லண்டன் அத்தை, வெள்ளிக்கிழமை வெளிய போயிடாதீங்க, நோ. தெருவுல பெரியவங்களுக்குக் குடுக்கிறாங்க. அந்தோணி சார் பட்டியல்ல உங்க பேரும் இருக்கு. ஒரு கம்பளி."

"எனக்கா?"

"உங்க ஊர்ல குளுருதில்ல?"

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அந்தோணி சார் வீட்டுக்குப் போனேன். லண்டனில் இலவசமாகச் சாமான் கொடுக்கும் இடத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களை நான் குறை சொன்னதில்லை. கஷ்டம் வந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் நான் போனதில்லை. கோயிலில் ஒருத்தி சீட்டை என் பையில் செருகினபோது எடுத்துத் திருப்பிக் கொடுத்தவள்.

"என் பேரை அடிச்சிடுங்க" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உக்காருங்கம்மா. இது ஏழைங்களுக்குக் குடுக்கிறது இல்ல. வருஷா வருஷம் விளக்குப் பண்டிகை முடிஞ்சதும், எழுபது தாண்டினவங்கள உக்கார வெச்சு, சின்னவங்க விழுந்து கும்பிட்டுக் குடுக்கிறது. மாடி வீட்டுக்காரருக்கும் உண்டு. எனக்கும் உண்டு."

"நான் இந்தத் தெருக்காரியா?"

அவர் மேஜையிலிருந்து பட்டியலை எடுத்து விரித்தார்.

"இல்லியே. அப்ப குளிர்ல வெறைச்சுச் சாகப்போறவன்னுதானே எழுதினீங்க? அடிங்க."

"அடிக்கலாம்." பேனாவைத் திறந்தார். தாளில் வட்ட வட்டமான பர்மிய எழுத்து. எனக்கு எது என் பெயர் என்றே தெரியவில்லை. "ஒவ்வொரு கம்பளிக்கும் எதிர்ல குடுக்கிறவங்க பேரு இருக்கு. மைக்ல ரெண்டையும் சேத்துத்தான் படிப்போம். உங்க பேரை அடிச்சா அந்தப் பேரும் போயிடும். பரவால்லியா?"

"யாரு அது?"

"டோ மீ மீ."

நான் உட்கார்ந்தேன்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தியே வந்து சொல்லிட்டா. நீங்க வர்றதா இல்லியான்னுகூட அப்பத் தெரியாது. வரலன்னா கப்பல்ல மகன்கிட்டக் குடுத்து அனுப்புவேன்னா. வருஷக் கணக்கா அண்ணிகிட்ட வாங்கியாச்சு சார், ஒரு தடவ நான் குடுக்கிறத தெரு பாக்கணும்னா. கை ஒடிஞ்சப்புறம் நான் வேணாம்னேன். கேக்கல. அந்தக் கட்டோடதான் பட்டாணி வித்து முழுக் காசும் கட்டினா."

பேனா திறந்தபடியே இருந்தது. மூடுங்கள் என்று நான் கையைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து மீனாட்சியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டு அரிசிச் சேமியாவின்மேல் ஊற்றிக் கொடுத்தாள், மொஹிங்கா. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். மாதாமாதம் நான் அனுப்பினதை அவள் எப்படி வாங்கிக்கொண்டிருப்பாள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. அனுப்பினவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தலை நிமிர்ந்திருந்தது. வாங்கினவளுக்கு?

ஆனாலும் அண்டாவை நான் விடுவதாக இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை தெருவில் தார்ப்பாய் கட்டி, பாய் விரித்திருந்தார்கள். எங்களைப் பதினான்கு பேரை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாடி வீட்டுக்காரர் எனக்கு இரண்டு ஆள் தள்ளி. அந்தோணி சார் கொஞ்ச நேரம் மைக் பிடித்துவிட்டு, தன் முறை வந்ததும் நாற்காலியில் வந்து உட்கார்ந்து கும்பிடு வாங்கிக்கொண்டு மறுபடி மைக்குக்குப் போனார். ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பளி, சோப்பு, காப்பிப் பொடிப் பாக்கெட். கொடுக்கிறவர்கள் மண்டியிட்டு மூன்று முறை குனிகிறார்கள். பெரியவர் மைக்கில் வாழ்த்துகிறார். வாழ்த்தி முடித்ததும் கூட்டம் முழுக்க "தாது, தாது, தாது" என்கிறது. அப்படியே ஆகட்டும் என்று தெருவே கையெழுத்துப் போடுகிற மாதிரி. எட்டு பேர் வாழ்த்தியதை நான் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். வாழ்த்தை ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பேச முடியாது போலிருக்கிறது.

ஒன்பதாவது நான். அந்தோணி சார் இரண்டு பெயரையும் படித்தார். லண்டன் என்றதும் ஒரு சலசலப்பு. மீனாட்சி புதுப் புடவை கட்டி, முகத்தில் சந்தனம் போலத் தனாக்கா பூசி, கம்பளியை ஒடிந்த கையின்மேல் தாங்கி எடுத்து வந்தாள். மண்டியிட்டாள். வயதில் எனக்கு நாலே வருஷம்தான் இளையவள். குனிந்து எழும்போது முழங்கால் சொடுக்கினது எனக்குக் கேட்டது. கம்பளி சிவப்புக் கட்டம் போட்டது, நல்ல கனம். இரண்டு கையாலும் வாங்கினேன். மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார்கள்.

"என் நாத்தனா நூறு வயசு இருக்கணும்" என்றேன். தெருவுக்கே கேட்டது. "அந்த நூறு வயசுலயும் அவ கை இனிமே அண்டா தூக்கக் கூடாது. தூக்க வந்தா இந்தத் தெரு விடக் கூடாது."

மீனாட்சி வெடுக்கென்று நிமிர்ந்தாள். அந்தோணி சார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, அனுபவித்து, பர்மியில் சொன்னார்.

"தாது! தாது! தாது!"

அவ்வளவு சத்தம் மற்ற எட்டு பேருக்கும் வரவில்லை.

"அண்ணி, இது ஏமாத்து வேல" என்று பல்லைக் கடித்தாள்.

"வாழ்த்துடீ. வாங்கிக்க."

"அப்ப ஹீட்டர்?"

மைக்கை இன்னும் யாரும் எடுத்திருக்கவில்லை. ஹீட்டர் என்ற சொல் நாலு மூலையிலும் போய் விழுந்தது. எது ஹீட்டர் என்று கூட்டம் கேட்டது. அந்தோணி சார் கடமை தவறாதவர், அதையும் மொழிபெயர்த்தார். தெரு முழுக்க என் முகத்தைப் பார்த்தது. தன்டா முதல் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"போடறேன்" என்றேன்.

"தாது! தாது! தாது!"

மறுநாள் காலை மீனாட்சி எழுமுன்பே கோ மியோவும் அவர் கடை ஆள் ஒருவரும் வந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டாணி இனி டீக்கடை அடுப்பில் வேகும். போட்டாதாங்கிலிருந்து மூட்டை அவர்கள் வண்டியில் வரும். ஆறு மணிக்கு இவள் போய் முக்காலியில் உட்கார்ந்து டின்னால் அளந்தால் போதும். "தெருவே சொல்லிடுச்சு டோ மீ மீ, நான் என்ன பண்றது" என்றாராம் அவர். இரண்டு நாள் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வேக்காடு போதவில்லை என்று கோ மியோவைத் திட்டினாள். அப்போது எனக்கு நிம்மதி வந்தது. வீட்டையே விற்கச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பாள். அளப்பதை விடச் சொன்னால் செய்யமாட்டாள். நானும் அதைக் கேட்கவில்லை.

பெட்டியில் இருந்த பணத்தைப் புறப்படும் நாளில் எடுத்து வைத்தாள். "கைக்கு வைத்தியம் பாரு" என்று தள்ளினேன். கொஞ்ச நேரம் இருவரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் எடுத்துத் தன்டாவிடம் கொடுத்து, ஆஸ்பத்திரியில் கேட்டுவரச் சொன்னாள்.

லண்டனில் இறங்கினபோது நல்ல குளிர். பழைய வழக்கம், கோட்டைக் கழற்றாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலை ஏழு மணி, அங்கே மத்தியானம். போனில் மீனாட்சியின் முகம் வந்தது. பின்னால் அடுப்படி, அண்டா இல்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள், சும்மா இருக்கிறது பாருங்கள் என்பது போல.

"ஹீட்டர் எங்க? போனத் திருப்புங்க."

திருப்பினேன்.

"கைய அதுமேல வெச்சுக் காட்டுங்க."

வைத்தேன். இரும்பு பச்சைத் தண்ணீராக இருந்தது. சூடுதான் என்று சொல்லியிருக்கலாம். போனில் சூடு தெரியாது. ஆனால் மைக்கில் சொன்ன சொல். கையை எடுத்து, குமிழைத் திருப்பினேன். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இப்பத்தான் போடுறீங்களா!"

"ஆமாடீ, இப்பத்தான். இரு, வெச்சுட்டுப் போயிடாத. சுடட்டும்."

இருந்தாள். ஐந்து நிமிஷம் நான் கையை அதன்மேலேயே வைத்திருந்தேன். சுவரில் மீட்டர் எண் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கட்டும். விலையை இன்னும் ஏற்றினார்கள் என்றால் போய்க் கத்திக்கொள்கிறேன். இந்த முறை அட்டையை நேராகப் பிடிக்கத் தெரியும்.